இன்னும் கொஞ்சம் பொறு

எங்கள் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி மோட்டார் புகைந்தால் அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடுவார். தறி நின்றால் கூலி நிற்கும். என் கணினிக்கு மட்டும் இரண்டு வருடமாக, ‘பொறு.’

வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். என்னுடையது 2017இல் வந்த ரைசன் 3 1200 பிராசஸர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கான பட்டியலில் இந்தச் சிப் இல்லை. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இதற்குள்தான் இருக்கின்றன.

“புதுசு வந்தா விலை இறங்கும்” என்றார் கணவர். பாதி உண்மை. புதிய ஏஎம்5 வகைக்குப் போனால் மதர்போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாம் வாங்கவேண்டும். ராம் விலையோ 2025 கடைசியில் எகிறிவிட்டது. என் பழைய ஏஎம்4 போர்டில் பயாஸைப் புதுப்பித்தால் 2022இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். நான்கு கோர் ஆறாகும். செலவு சிப்புக்கு மட்டும்.

“உன் வேலைக்கு இது போதாதா?”

அத்தை நாற்பது வருடம் தார் சுற்றியவர். கூலி எப்போதும் மாமா பெயரில்தான் வந்தது. “உங்க ராட்டையை எப்ப மாத்தினாங்க அத்தை?” என்று கேட்டேன். “மாத்தினாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சீட்டுப் பணத்தில் ஆர்டர் போட்டேன். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். அதனால் தறிச் சத்தம் தொடங்குமுன், விடியற்காலையில் உட்கார்ந்தேன். பிறகு பழைய சிப்பைக் கழற்றியபோது அத்தைதான் டார்ச் பிடித்தார்.