கிளிக்குள் ஒரு தோட்டம்

சிவகாசியைத் தாண்டிப் பேருந்து மேற்கே போகப் போக, வெட்டவெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகள் வந்துகொண்டே இருந்தன. மருந்து உலர இந்த வறண்ட வெயில்தான் முதல். மத்தாப்பின் பச்சைக்குப் பேரியம் உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். சுமார் 20 கிலோமீட்டரில் திருவில்லிபுத்தூர். அங்கே பச்சையும் சிவப்பும் மண்ணிலிருந்து வருகின்றன.

கோயிலில் ஆண்டாளின் இடக்கைக் கிளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உடலுக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ, காலுக்கு மூங்கில் குச்சி, கட்டுவதற்கு வாழைநார். தினமும் புதுக்கிளி. செய்து முடிக்க மணிக்கணக்காகும்.

அதைவிட, அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய தோட்டக் கணக்குதான் என்னை மலைக்க வைத்தது. மல்லிகையை எந்தச் சந்தையிலும் வாங்கலாம். மாதுளம்பூவை? 365 நாளும் ஏதோ ஒரு கிளையில் அது பூத்திருக்க வேண்டுமே! தண்ணீரை நிறுத்தி, கவாத்து செய்து, மறுபடி பாய்ச்சினால் மாதுளை பூவெடுக்கும். எல்லா மரத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் பூவும் ஒரே சமயத்தில் வந்து ஓய்ந்துவிடும். ஆகவே எது எங்கே நிற்கிறது, எப்போது வெட்டியது என்று தெரிந்தாக வேண்டும். பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்து, துளசியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் ஊர் இது. செடியை ஞாபகம் வைத்திருப்பது இங்கே பக்தியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் கேட்டு நுழைந்த வீட்டில், கொல்லையைக் காட்டினார் ஒரு பாட்டி. கிணறுதான் நடு. அதிலிருந்து திசை வைத்தே செடிகளுக்குப் பெயர்: கிழக்கு மாதுளை, தெற்கு நந்தியாவட்டை, மேற்கு அரளி. விதைத்தது, வெட்டியது, உரம் வைத்தது எல்லாம் சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். ஒன்றில், ‘கி. மாதுளை, கவாத்து’.

“பூ ஒண்ணுகூடக் காணோமே பாட்டி?”

“வைகாசியிலதான தம்பி வெட்டுனேன்? ஆடிப்பூரத் தேருக்கு வாங்க, கிழக்கு மரம் பூத்திருக்கும்.”