சேரன்மகாதேவி அடுக்களை

சேரன்மகாதேவியில் என் ஆச்சி வீட்டு அடுக்களையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் ஊர் இருந்தது. சட்டியும் பானையும் காருகுறிச்சி. அப்பளம் கல்லிடைக்குறிச்சி. பேத்திமார் விளையாடும் மரச்செப்பு அம்பாசமுத்திரம். உண்ட களைப்புக்குத் தலைசாய்க்கும் பாய் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் பாதையில் முதல் மூன்று ஊர்களுக்கும் ஸ்டேஷன் உண்டு. பத்தமடைக்கு பஸ்ஸில் போவோம், பக்கம்தான். எல்லாமே தாமிரபரணித் தண்ணீரில் பிழைக்கிற ஊர்கள்.

அந்த வீட்டுச் சமையலைப் பேச உட்கார்ந்தால் பாத்திரமும் பெட்டியும் கூடவே வந்துவிடுகின்றன. சமையலையும் அவற்றையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. பிரித்துச் சொன்னால் அது ஆச்சியின் சமையலும் இல்லை.

உளுந்தஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. தொலி எடுக்காத, உடைத்த கறுப்பு உளுந்துதான் வேண்டும். வெள்ளை உளுந்தில் அந்த மணம் கிடையாது. முதலில் அதைச் சுளகில் போட்டுப் புடைப்பாள். தூசி முன்னால் பறக்கும், கல் பின்னால் தங்கும். பனையோலையும் மூங்கில் விளிம்புமாக முடைந்த அந்தச் சுளகு பல வருஷம் உழைத்துப் பழுப்பேறியிருந்தது. பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "ஏட்டி, கறுப்புல நெறம் தெரியாது. மூக்கால பாரு. வாசம் வந்துட்டா எறக்கிரு" என்பாள். வறுத்ததை அரிசியோடு கழுவி, உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, கொஞ்சம் வெந்தயம், சீரகம், அரைமூடித் தேங்காய்த் துருவல், உப்பு எல்லாம் சேர்த்து, அளந்த அரிசிக்கும் உளுந்துக்கும் சேர்த்து மும்மடங்கு தண்ணீர் விட்டு மண்பானையில் ஏற்றுவாள். பாதி வெந்ததும் விறகை இழுத்துவிடுவாள். மீதியைத் தணலும் பானைச் சூடும் பார்த்துக்கொள்ளும். குக்கரில் இதே அளவில் நானும் வைக்கிறேன், நன்றாகவே வருகிறது. ஆனால் பானையின் அடியில் லேசாகப் பிடித்து, சுரண்டித் தின்ன நாங்கள் அடித்துக்கொள்ளும் அந்தக் காந்தல் குக்கரில் வராது.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வறுத்த எள், மிளகாய் வற்றல், புளி, தேங்காய், இரண்டு பல் பூண்டு. அம்மியில் எள் நசுங்கி எண்ணெய் கசியத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். மிக்ஸி அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது.

சொதி இன்று ஓட்டல் பட்டியலில்கூட வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு. தேங்காயைத் திருகிப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக வைப்பார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாம் வேகும். இரண்டாம் பாலில் வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதும் சேரும். முதல் பால் விட்டபின் கொதிக்கவே கூடாது; நுரை கட்டினதும் இறக்கி, சூடு தணிந்து எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கூட இஞ்சித் துவையல் கட்டாயம். அத்தனை தேங்காய்ப்பாலையும் அதுதான் செரிக்கவைக்கும் என்பது வீட்டு வைத்தியம்.

இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாயின் அருமை தெரியும். கன்னடியன் கால்வாய் பாயும் பத்தமடையில் பாய் நெசவு இஸ்லாமியக் குடும்பங்களின் கைத்தொழில். ஆச்சியோடு அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறேன். நெய்கிற அம்மா, "வாங்கக்கா, புள்ளைக்குக் கல்யாணமா?" என்றுதான் வரவேற்பார். தரையோடு தரையாகத் தறி. பருத்தி நூலில் பாவு. ஒருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சுக் கட்டையை இழுத்து இறுக்குவார். உயர்ந்த ரகத்துக்குக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மறுபடி நூல்போல மெல்லிசாகக் கீற வேண்டும். 100 முதல் 140 கவுண்ட் வரை நெய்த அந்தப் பட்டுப் பாயைத் துணியைப் போலக் கைக்குள் அடக்கிவிடலாம். சிவப்புக்குப் பத்தங்கிக் கட்டைச் சாயம். 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் ஒன்று பரிசாகப் போனது என்பதை அந்தத் தெருவில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் நைலான் பாய் வந்தபின் பல வீடுகளில் தறி நின்றுபோனது. ஒரு பட்டுப் பாய்க்காக வாரக்கணக்கில் குனிந்து உட்காரும் உழைப்புக்கு ஈடான விலை அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

மரச்செப்பு தனிக் கதை. கடைசலில் இழைத்து அரக்குச் சாயம் ஏற்றிய குட்டி அடுப்பு, பானை, திருகை, உரல். குற்றாலம் சீசனுக்குப் போனால் அருவியில் குளித்த கையோடு ஒரு பெட்டி வாங்காமல் திரும்பமாட்டோம். ஆச்சி சுளகோடு உட்காரும்போது நாங்கள் செப்போடு உட்காருவோம். கைப்பக்குவம் என்பதெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

இப்போதும் அந்தப் பக்கம் போகிறவர்களிடம் விடாமல் சொல்லி அனுப்புகிறேன். காருகுறிச்சியில் சட்டி வாங்குங்கள். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பத்தமடையில் பட்டுப் பாய்க்குக் கையில் காசு இல்லாவிட்டால் சாதாரணப் பாயாவது நெய்கிறவர் வீட்டு வாசலிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பாயை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயப்போட்டால் வருஷக்கணக்கில் வரும். கல்யாணப் பாய் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பேரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். முகூர்த்தம் குறித்த கையோடு போய்ச் சொல்லிவிடுங்கள்.