பதினெட்டு வளைவும் பாட்டில்லாத பஸ்ஸும்

கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் சென்ற அனுபவம் வாசக சகோதரிகளாகிய உங்களில் பலருக்கும் இருக்கும். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வயல்வெளி தாண்டி, அம்பாறை, மஹாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று ஓடி, கண்டி மலையேறி இறங்கினால்தான் கொழும்பு. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு உம்மாவைக் கொண்டு போகிறவர், வெளிநாடு செல்லும் மகனை வழியனுப்பப் போகிறவர், கைக்குழந்தையோடு கணவனிடம் போகிறவர் எல்லோரும் அந்த ஒரே வண்டிக்குள்தான்.

இத்தனை பேரோடும் ஆசனம் பதியாமலே கூட வருவது பாட்டு. சாரதியின் தலைக்கு மேலே திரை வேறு. பருவமடைந்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் திரைக்கு எதிரே எட்டு மணித்தியாலம் இருக்கும் தாயின் சங்கடத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இசைக் கருவிகளைப் பற்றி நான்கு மத்ஹபுகளினதும் பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு, அவை கூடாதென்பதே. இப்னு ஹஸ்ம் போன்றோர் வேறு கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பிரயாணத்தையும் பாட்டையும் பற்றி மார்க்க நூல்களில் தனியாகவே செய்திகள் இருக்கின்றன. அவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. அரபிகள் ஒட்டகம் ஓட்டும்போது பாடுவதற்கு ‘ஹுதா’ என்று பெயர். கருவி கிடையாது, குரல் மட்டும்தான். அதைக் கேட்டால் ஒட்டகம் சுமையை மறந்து விரையும் என்று இமாம் கஸ்ஸாலி அவர்களும் ‘இஹ்யா’வில் எழுதியிருக்கிறார்கள். அன்ஜஷா என்ற ஊழியர் அவ்வாறு பாடி ஒட்டகங்களை ஓட்டினார். அவற்றின் மீது பெண்கள் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்பவரைப் போல மெதுவாகச் செல்லும்படி சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. ஓட்டுகிறவரின் உற்சாகத்தைவிட உள்ளே இருக்கும் பெண்களின் நிலை முந்தியது என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி அபூதாவூதில் வருகிறது. இப்னு உமர் (ரழி) அவர்கள் வழியில் குழலோசை கேட்டதும் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு பாதையை விட்டு விலகிச் சென்றார்கள். இதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அது ஒருபுறமிருக்க, அவருக்கு விலகிச் செல்ல வேறு பாதை இருந்தது. பூட்டிய பஸ்ஸின் ஜன்னலோர ஆசனத்தில் இருப்பவர் எங்கே விலகுவது?

சில மாதங்களுக்கு முன் நான் ஏறிய வண்டியில் பாட்டு இருக்கவில்லை. மஹியங்கனையில் தேநீருக்கு இறங்கியபோது சாரதியிடம் காரணம் கேட்டேன். “முந்தி பாட்டு இல்லாட்டி எனக்கு ஓடேலா மௌலவி. பதியத்தலாவையிலேயே கண் சொக்கிரும். அம்பது பேருட உசிரு என்ட கையில” என்றார். அவர் சொன்னது சாட்டு அல்ல. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. இரவில் ஓடுகிறவனின் கண்ணைப் பற்றிய பயம் நியாயமான பயம்.

பிறகு எப்படி விட்டார்? மஹரகமையில் மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு பெண்மணி, சத்தம் தாங்காமல் வழியெல்லாம் வாந்தியெடுத்திருக்கிறார். கணவர் வந்து கெஞ்ச, அன்று நிறுத்தியவர் விடியும்வரை போடவில்லை. “அண்டைக்கித்தான் டயர்ர சத்தமே எனக்குக் கேட்ட” என்றார். இப்போது பகலில் ளுஹருக்குப் பின் அசர் வரை கட்டாயம் தூங்குகிறாராம். மலை ஏறத் தொடங்கினால் நடத்துனர் முன்னால் வந்திருந்து பேச்சுக் கொடுக்கிறார். பாட்டு தூக்கத்தைப் போக்கவில்லை, தூக்கம் வருவதை மறைத்தது என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஹசலக்கவைத் தாண்டினால் பதினெட்டு வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே விளக்குகள் சிறுத்துக்கொண்டே போகும். மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். அன்று பின் ஆசனத்தில் ஒரு மூதாட்டி, வளைவுக்கு வளைவு மெல்லிய குரலில் தக்பீர் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. அவருக்கு யாரும் ஹதீஸ் சொல்லிக் கொடுத்தார்களோ, அல்லது வெறும் பயமோ! அப்பால் தெல்தெனிய. பழைய பட்டணம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அடுத்து திகன. 2018 மார்ச்சில் நம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்த ஊர். அந்த இடம் வந்தபோது பஸ்ஸுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு அதே சத்தத்தில் பயான் போடும் வண்டிகளும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. வண்டியில் தமிழ்ச் சகோதரர்களும் சிங்களவர்களும் இருக்கிறார்கள், நோயாளி இருக்கிறார். குர்ஆன் ஓதப்பட்டால் மௌனமாகச் செவிசாய்க்க வேண்டும். தூங்கி வழிகிறவர்கள் மத்தியில் அதை ஒலிபெருக்கியில் விடுவது கண்ணியமாகாது. கேட்க விரும்புகிறவர் தன் காதில் மாட்டிக்கொள்ளட்டும்.

உங்களுக்கு இப்படியான வண்டி வேண்டுமென்றால் ஆசனம் பதியும்போதே கேளுங்கள். பாட்டு, படம் உண்டா என்று கேளுங்கள். ஸுபஹுக்கு எங்கே நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். கண்டி வீதியில் மாவனல்லை முதல் திஹாரிய வரை பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெண்கள் வுழூச் செய்து தொழ வசதியுள்ள பள்ளி எதுவென்று நடத்துனருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. நான் சொன்ன வண்டியின் நடத்துனர் அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார்.