பெடர் ரோடு ஏற்றத்தில்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தின் கோபுரத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். எனினும் ஜனவரி மூன்றாம் ஞாயிறு வைகறையில் அங்கு நிற்போர்க்கே இந்நகரின் மற்றொரு முகம் புலனாகும். 2004இல் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் அங்கிருந்தே புறப்படுகிறது. முழுத் தொலைவு 42.195 கிலோமீட்டர். ஓடுவோருள் பலர் பரிசை நாடி வருபவரல்லர். தாம் விரும்பிய அறப்பணிக்கு நிதி திரட்டி வருபவர்.

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், டியூஷேன் தசைச் சிதைவு நோயுற்ற சிறுவர்களுக்காக ஓடினார். தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உண்டாகாமையால் வரும் இவ்வரிய நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றுகிறது. பன்னிரண்டு வயதளவில் பலர் சக்கர நாற்காலியை அடைகின்றனர். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்க் கொள்கைப்படி அரசுதவியின் உச்ச வரம்பு 50 லட்சம் ரூபாய். சில மருந்துகளின் விலையோ கோடிகளில்.

திரும்பும் வழியில் பெடர் ரோடு ஏற்றம் ஓட்டக்காரரைச் சோதிக்கும். அங்கே, அவருடைய அண்டை வீட்டுச் சிறுவனின் நாற்காலியருகே காத்திருந்தோம். "படியேறத் தயங்கியபோது சோம்பேறி என்று இரண்டாண்டு கடிந்துகொண்டேன்" என்றார் அவன் தாயார். அவ்வேளையில் இளைஞர் தள்ளாடி வந்தார். "நிற்காதீர்கள், அண்ணா!" என்று கூவினான் சிறுவன். அவர் நிற்கவில்லை.

அன்பர்களே, அடிக்கடி விழும் குழந்தையைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வரும் ஜனவரியில் இயன்ற பொருளும் ஈயுங்கள்.