மீன் ஹலால்தான், மேலே தடவியது?

 

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்கள் தமக்குத் தாமே ஓர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்: "இறைச்சிதானே பிரச்சினை? மீனைச் சாப்பிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம்." டோக்கியோவில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யோயோகி உயெஹாரா பகுதியில் துருக்கிப் பாணியில் எழுந்து நிற்கிறது டோக்கியோ ஜாமிஉ பள்ளிவாசல். 1938இல் கட்டப்பட்ட பழைய பள்ளி பழுதடைந்து இடிக்கப்பட்ட பின், 2000ஆம் ஆண்டில் இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே லுஹர் தொழுதுவிட்டு, சுட்ட மீனுக்கென்றே உள்ள ஒரு சிறு கடைக்கு மகன் கூட்டிப்போனான். பகலில்தான் போக வேண்டும் என்றான். இரவானால் இத்தகைய கடைகள் பலவற்றில் குடிப்பவர்களே நிறைந்திருப்பார்களாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மினுமினுவென்று பொன்னிறமாய் இருந்த மீனைக் காட்டி, "இது போதும்" என்றேன். மகன் தலையை ஆட்டினான். "உம்மா, அந்த மினுக்கம் மிரினால் வந்தது."

மிரின் என்பது அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பு மது. அசல் மிரினில் ஏறத்தாழ 14 வீதம் மதுசாரம் உண்டு. தெரியாக்கி என்றாலும், மிசோவில் ஊறவைத்த மீன் என்றாலும் மிரினோ, சாக்கே எனும் அரிசி மதுவோ பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். சோயா சோஸிலும் மிசோவிலும்கூடப் பழுதாகாமல் இருக்கச் சில கம்பனிகள் மதுசாரம் சேர்க்கின்றன. கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். மனிதன் அதன்மேல் தடவுவதைத்தான் நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கோ கேட்க வெட்கம். சாப்பிடாமலே திரும்பலாமா என்று யோசித்தேன். மகன் விடவில்லை. "ஷியோ தகே" (உப்பு மட்டும்) என்று கேட்டான். வாடை போகச் சிலர் சாக்கே தெளிப்பதுண்டென்பதால், "ஒசாகே, மிரின் வேண்டாம்" என்றும் சொன்னான். கடைக்கார மூதாட்டி முகம் சுளிக்கவில்லை. உப்புச் சாடியைத் தூக்கிக் காட்டினார். மிசோப் பொதியை மகனிடம் வாசிக்கக் கொடுத்தார். அடுப்பிலிருந்த கம்பி வலையை எடுத்துவிட்டுக் கழுவிய வலையை வைத்தார்.

உப்பில் சுடுவதை அவர்கள் 'ஷியோயாக்கி' என்கிறார்கள். மீனில் உப்பைத் தூவி அரை மணி நேரம் வரை வைக்கிறார்கள். வாடை நீரோடு வெளியேறுகிறது. அதை ஒற்றித் துடைத்துவிட்டுப் பலத்த சூட்டில் சுடுகிறார்கள். அந்தக் கடையில் பிஞ்சோதான் கரி. ஒரு வகை ஓக் மரத்துக் கரி. வகாயாமா மாகாணத்துக் கரி அதில் பெயர்பெற்றது. புகை குறைவு, சூடு நீண்ட நேரம் நிற்கும்.

அது இலையுதிர்காலம். அந்தப் பருவத்துக்குரிய சன்மா மீன் முழுசாக வந்தது. தலை இடப்பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் துருவிய முள்ளங்கி, தேசிக்காய் போன்ற ஒரு புளிப்புக் காய், வெள்ளைச் சோறு, மிசோ சூப். மீனைப் புரட்டக் கூடாதாம். மேல் சதையைத் தின்றபின் நடுமுள்ளைத் தூக்கிவிட்டுக் கீழ்ச் சதையைத் தின்ன வேண்டும். தோல் மொறுமொறுத்தது. மிளகாய்த்தூள் இல்லாமல் மீனுக்கு இப்படி ஒரு ருசியா! சூப்பை வாயில் வைத்ததும் நம் வீட்டுச் சம்பல் ஞாபகம் வந்தது. அதில் போடும் கத்சுவோபுஷி, நம் மாசிக்கருவாட்டைப் போலவே சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது.

பக்கத்து மேசையில் இருந்தவர் கைகூப்பி "இததாக்கிமாஸ்" என்றார். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது கருத்து. நாங்கள் பிஸ்மில்லாஹ் சொன்னோம். அவர் பீங்கானில் முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. நம் விருந்து வீடுகளில் கொட்டப்படும் சோற்றை நினைத்துத் தலைகுனிந்தேன்.

சகோதரிகளே, ஊர் வந்ததும் கும்பளா மீனுக்கு உப்பு மட்டும் தூவிச் சிரட்டைக் கரியில் சுட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்தார்கள். நீங்களும் செய்து பாருங்கள். வெளியூரில் சாப்பிட உட்கார்ந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்கத் தயங்கிய கேள்விக்கு, முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி அடுப்பு வலையையே மாற்றினார்.