குண்டு விழுந்த தூரம்

ஸ்வீடன் தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் மருமான், விடுமுறையில் மனைவி மக்களுடன் காரில் சுற்றிப் பார்த்த இடங்களின் படங்களை அனுப்பியிருந்தான். கடலோரத்தில் கம்பீரமாக நிற்கும் கால்மார் கோட்டை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்தால் ஓலாந்து தீவு. தீவு முழுவதும் மரத்தாலான காற்றாலைகள். முற்காலத்தில் அத்தீவின் குடியானவர்கள் தங்கள் தானியத்தை அரைத்துக்கொள்ளக் கட்டியவை அவை. இன்றும் சுமார் 350 ஆலைகள் நிற்கின்றன.

"நம் பக்கத்தில் இப்படி ஒரு கோட்டை கிடையாதா?" என்று குழந்தைகள் ஏக்கத்துடன் கேட்டார்கள். எங்களுக்குச் சற்று ரோஷம் வந்துவிட்டது. "ஏன் கிடையாது? ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள்!" என்றோம்.

விடியற்காலையில் சிதம்பரத்தில் நடராஜப் பெருமானைத் தரிசித்துவிட்டு, கட்டுசாதத்துடன் கடலூரை நோக்கிக் கிளம்பினோம். வழியில் கிழக்கே திரும்பிப் பரங்கிப்பேட்டைக்குச் சென்றோம். வெள்ளாறு கடலோடு கலக்கும் அந்த ஊரில்தான் ஸ்வீடன் தேசத்தாருக்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது.

1731-ஆம் வருஷம் ஸ்வீடனிலும் ஒரு கிழக்கிந்தியக் கும்பினி ஏற்பட்டது. இரண்டு வருஷம் கழித்து அதன் கப்பலொன்று பரங்கிப்பேட்டைக்கு வந்து, கரையில் பண்டகசாலை அமைத்தது. புதிதாக ஒரு வியாபாரி முளைத்தது பழைய வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. என்றும் ஒத்துப்போகாத இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்த ஒரு காரியத்தில் ஒன்று சேர்ந்து, படையுடன் வந்து பண்டகசாலையைக் கைப்பற்றினார்கள். அந்த நட்பு நீடிக்கவில்லை. 1746-இல் அவ்விருவருமே நம் மண்ணில் ஒருவரோடொருவர் யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

"நம் ஊரில் அவர்கள் ஏன் சண்டை போட வேண்டும்?" என்றாள் எங்கள் சின்னப் பெண். அந்தக் கேள்வியுடனேயே தேவனாம்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளிக் கடற்கரையில் ஒரே ஜனத்திரள். மணலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, கோட்டை எங்கே இருக்கிறது?" என்று விசாரித்தோம்.

"கோட்டையா? அதை அந்தக் காலத்திலேயே இடிச்சுட்டாங்களே! ஆத்தங்கரைப் பக்கம் போனா மிச்சம் மீதி இருக்கும்" என்று சிரித்தார் அவர்.

கெடில நதியின் பக்கமாகச் சென்றோம். மரஞ்செடிகளுக்கிடையே சிதைந்த சுவர்களும் அகழியின் தடமுமே கண்ணில் பட்டன. குழந்தைகளின் முகம் வாடிவிட்டது. அங்கேயே நிழலில் அமர்ந்து கட்டுசாதத்தைப் பிரித்தோம், கதையையும் தொடங்கினோம்.

1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கும்பினி இக்கோட்டையை விலைக்கு வாங்கிற்று. செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதை அளக்கக் கயிறும் கோலும் கொண்டு வரவில்லை. பீரங்கியைச் சுட்டு, குண்டு சென்று விழும் தூரம் வரையில் உள்ள பூமி கும்பினியுடையது என்பது ஏற்பாடு! அவ்விதம் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. அருகிலுள்ள குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது.

1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ஆங்கிலேயருக்கு இதுவே தலைமை ஸ்தலமாயிற்று. சென்னையிலிருந்து தப்பி வந்த குமாஸ்தா ராபர்ட் கிளைவ் பேனாவை வைத்துவிட்டு வாளைக் கையில் எடுத்ததும் அக்காலத்தில்தான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். நாங்கள் கண்டது அதன் எச்சமே.

"குண்டு விழுந்ததே, அந்த ஊர்க்காரர்களை யாராவது கேட்டார்களா?" என்றாள் சின்னப் பெண் மறுபடியும்.

யாரும் கேட்கவில்லை, குழந்தாய்! விற்றவரும் கேட்கவில்லை; வாங்கியவரும் கேட்கவில்லை. காலையில் ஒருவர் குடியாக ஏர் பூட்டியவன், மாலையில் வேறொருவர் குடியாக வீடு திரும்பினான். ஊரும் வயலும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. இந்தப் பதிலைச் சொல்லும்போது எங்களுக்கே தொண்டை அடைத்தது.

ஓலாந்துக் காற்றாலைகள் அழகானவைதாம். அவற்றைக் கட்டியவர்களின் சந்ததியார் அவற்றின் கதையை அறிந்திருக்கிறார்கள். நம் கோட்டையில் பார்ப்பதற்கு அதிகமில்லை. அறிந்துகொள்வதற்கோ நிறைய இருக்கிறது. இத்தனை காலம் பக்கத்திலிருந்தும் நாங்கள் அதைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

வெள்ளிக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும் நேயர்கள் ஒரு அரைமணி நேரத்தை இந்தச் சிதைந்த சுவர்களுக்காகவும் ஒதுக்கலாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.