எழுபதில் பிடித்த தூரிகை

எங்க ஊர் சிங்கவரம். செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வர்ற நிறைய பேர் இங்க வராமலே திரும்பிடுவாங்க. குன்று மேல பல்லவர் காலக் குடைவரைக் கோயில், உள்ளே ஒரே பாறையில செதுக்கின ரங்கநாதர் படுத்திருக்கார். பக்கத்துலயே திருநாதர் குன்று, பாறையில 24 தீர்த்தங்கரர்கள். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்ததால, கலைன்னா சின்ன வயசுலயே தொழில் கத்துக்கிட்ட கைகள் செய்யறதுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

அந்த நினைப்பை உடைச்சவங்க ஜோதையா பாய் பைகா.

மத்தியப் பிரதேசம், உமரியா மாவட்டம், லோர்ஹா கிராமம். பாந்தவ்கர் காட்டுப் பக்கம். பைகா பழங்குடி. பள்ளிக்கூடம் போனதில்ல. கணவர் இறந்த பிறகு கல் உடைச்சும் விறகு சுமந்தும் பிள்ளைங்களை வளர்த்தாங்க. 2008 வாக்குல, கிட்டத்தட்ட 70 வயசுல, சாந்திநிகேதனில் படித்த ஆஷிஷ் சுவாமி அந்த ஊர்ல நடத்தின பட்டறையில முதன்முதலா தூரிகையைப் பிடிச்சாங்க. வரைஞ்சதெல்லாம் தெரிஞ்ச விஷயம்தான்: புலி, பறவை, மஹுவா மரம் (நம்ம இலுப்பையோட இனம்). 2019ல அந்தப் படங்கள் இத்தாலியின் மிலன் நகர் வரைக்கும் போச்சு. 2023ல பத்மஸ்ரீ. 2024 டிசம்பர்ல காலமானாங்க.

தாகூர் கூட அறுபதைத் தாண்டித்தான் ஓவியத்துல தீவிரமா இறங்கினார், 1930ல பாரீஸ்ல கண்காட்சி வெச்சார். ஆனா அவர் தாகூராச்சே! விறகு சுமந்த அம்மா கதைதான் எனக்கு எங்க ஆயாவை ஞாபகப்படுத்துச்சு.

தாத்தா போனதிலிருந்து ஆயா வாசல்ல கோலம் போடுறதில்ல. போடக்கூடாதாம். நாப்பது வருஷம் தினமும் புள்ளி வெச்ச கை! ஒரு நோட்டும் கலர் டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன். "எனக்கெதுக்குடா இதெல்லாம்"னு ஒதுக்கி வெச்சாங்க. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா ஒரு பக்கம் முழுக்க சீத்தா மரம். புள்ளி புள்ளியா.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். "என்ன ஆயா, மரத்தைவிடப் பழம் பெருசா இருக்கு?"

"பழம் பறிக்கப் போறவளுக்கு மரமாடா கண்ணுக்குத் தெரியும்?"னு சொல்லிட்டு நோட்டை மூடினாங்க. அது பரணுக்குப் போயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி ஜோதையா பாயோட படங்களை மறுபடி பார்த்தேன். அதுலயும் மரமும் மிருகமும் கண்ணளவுல இல்ல, மனசளவுலதான் இருக்கு. அதை "ஆஹா"ன்னு ரசிச்ச நான், வீட்ல இருக்கிற ஆயாகிட்ட ஸ்கேல் எடுத்துட்டுப் போயிருக்கேன். பத்மஸ்ரீ வந்தாதான் கண்ணு தெரியுமா எனக்கு? வெட்கமா இருந்துச்சு.

மறுநாள் மன்னிப்பு கேட்டேன். ஆயா ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் ஆச்சு. போன வாரம் நோட்டு பரணிலிருந்து தானா இறங்கியிருக்கு. இந்தத் தடவை பாறை, பாறை மேல குரங்கு. குரங்குக்கு வால் பக்கத்தையும் தாண்டி அடுத்த பக்கம் போகுது. நான் வாயே திறக்கல.

உங்க வீட்லயும் இப்படி ஒரு கை சும்மா இருக்கான்னு பாருங்க மக்களே. நோட்டு வாங்கிக் கொடுங்க. சிரிச்சுத் தொலைக்காதீங்க.

சிவப்பு கலர் தீர்ந்துபோச்சாம். செஞ்சி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.